பெயர்ப்பலகையில் இல்லாத வானியலாளர்கள்

புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையம் கடற்கரை ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் உள்ளது. அதனால் அங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். மரக்காணம் இருக்கும் வடக்குப் பக்கம் பனையின் தலைக்குக் கீழேயே அது அடங்கிவிடும். வடக்கில் இழப்பதைத் தெற்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். தை மாத இரவில் அகத்திய நட்சத்திரம் 25 பாகை வரை ஏறும். சித்திரை, வைகாசியில் தென்சிலுவை முழுதாகத் தெரியும். ஐரோப்பாவின் பெருநகரங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒருபோதும் காண முடியாதவை இவை.

இந்த வானத்தை இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளக்குகள் பெருமளவு விழுங்கிவிட்டன. இப்பகுதிப் பிள்ளைகள் நட்சத்திரங்களை நிறைய காண வேண்டுமென்றால், கோட்டக்குப்பம் தாண்டிப் புதுச்சேரி இலாசுப்பேட்டையிலுள்ள கோளரங்கத்துக்குப் போகலாம். அது அப்துல் கலாம் பெயரைத் தாங்கி நிற்கிறது. கலாம் போற்றத்தக்கவர் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர் படித்தது வானூர்திப் பொறியியல், செய்தது ஏவூர்திப் பணி. வானத்தை உற்றுப் பார்த்துக் கணக்கிட்டவர்கள் இந்தக் கரையிலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கோளரங்கத்தில் என்ன இடம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

குவிமாடங்களின் பெயர்கள்

ஒளிவீசும் கருவி ஒன்றால் குவிமாடத்தின் உட்புறத்தில் விண்மீன்களைக் காட்டும் கோளரங்கம் பிறந்து ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. ஜெர்மனியின் ஜெனா நகர சைஸ் நிறுவனத்தில் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய கருவி 1923 அக்டோபரில் மியூனிக்கில் முதன்முறை இயக்கிக் காட்டப்பட்டது. இந்தியாவில் பூனாவின் ஒரு பள்ளியில் 1954-இல் சிறிய அளவில் தொடங்கி, 1962-இல் கொல்கத்தா பிர்லா கோளரங்கம் வழியாகப் பொதுமக்களிடம் பெரிதாக வந்து சேர்ந்தது. மும்பை 1977, டெல்லி 1984, சென்னை 1988, பெங்களூரு 1989 என்று பெருநகரங்கள் ஒவ்வொன்றாகப் பெற்றுக்கொண்டன.

இவற்றின் பெயர்ப்பலகைகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். மும்பை, டெல்லி, பெங்களூரு மூன்றும் நேருவின் பெயரில் உள்ளன. கொல்கத்தாவும் சென்னை கோட்டூர்புரமும் பிர்லா குடும்பத்தின் பெயரில். லக்னோவில் இந்திரா காந்தி, திருவனந்தபுரத்தில் அவருடைய இளமைப் பெயரான பிரியதர்சினி, திருச்சியில் அண்ணா அறிவியல் மையம். இடம் கொடுத்த அரசும் பணம் கொடுத்த தொழிலதிபரும் பெயரையும் கொடுத்தார்கள். இது இயல்பே.

தொலைநோக்கிகளின் கதை வேறு. வேலூர் மாவட்டத்தை ஒட்டிய ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வானாய்வகமும் அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வைணு பாப்புவின் பெயரைத் தாங்குகின்றன. பாப்பு சென்னையில் பிறந்தவர், 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர், அந்த இடத்தைத் தேடித் தேர்ந்தெடுத்து உருவாக்கியவர். ஆய்வாளர்கள் புழங்கும் இடத்துக்கு ஆய்வாளர் பெயரும், மக்கள் புழங்கும் இடத்துக்குத் தலைவர் பெயரும் என்று நாம் பிரித்துக்கொண்டோம். இதனால், வானியல் என்பது ஒரு மனிதர் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வேலை என்ற செய்தி கோளரங்கத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளையைச் சென்றடைவதில்லை.

புவனேசுவரம் காட்டிய வழி

இந்தப் போக்குக்கு விலக்கான மிகச் சில இடங்களுள் ஒன்று ஒடிசாத் தலைநகர் புவனேசுவரத்தில் 1990-இல் திறக்கப்பட்ட பதானி சாமந்தர் கோளரங்கம். சாமந்த சந்திரசேகரர் 1835-இல் கண்டபாரா என்ற சிற்றரசின் அரச குடும்பக் கிளையில் பிறந்தவர். பதானி என்பது வீட்டார் இட்ட செல்லப்பெயர். ஆங்கிலக் கல்வி பெறவில்லை. சித்தாந்தம் எனப்படும் சமஸ்கிருத வானியல் நூல்களைப் படித்தார். படித்தபடி கணக்கிட்டுப் பார்த்தபோது, கோள்கள் நூல் சொன்ன இடத்தில் இல்லை. நூல் தவறா, கண் தவறா என்ற ஐயத்தைத் தீர்க்கத் தாமே அளக்கத் தொடங்கினார்.

அளப்பதற்கு அவரிடம் இருந்த முக்கியக் கருவி மான யந்திரம். நீளக் குச்சியின் முனையில் குறுக்குக் குச்சி ஒன்று. அதில் கணக்கிட்ட இடைவெளிகளில் துளைகள். நீளக் குச்சியின் மறுமுனையைக் கண்ணருகே வைத்து, இரண்டு விண்மீன்கள் எந்தெந்தத் துளைகளுக்கு நேரே விழுகின்றன என்று பார்த்தால் அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் கிடைத்துவிடும். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்த்த அளவுகளைக் கொண்டு சுமார் 2500 சமஸ்கிருதச் செய்யுள்களில் சித்தாந்த தர்ப்பணம் என்ற நூலை ஓலையில் எழுதினார். கட்டாக் ராவென்ஷா கல்லூரிப் பேராசிரியர் யோகேஷ் சந்திர ராய் முயன்று 1899-இல் கொல்கத்தாவில் அதை அச்சிட்டார். ராய் ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட முன்னுரை சாமந்தரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது. இங்கிலாந்தின் நேச்சர் இதழ் அவரை டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயுடன் ஒப்பிட்டது. டைக்கோவைப் போலவே சாமந்தரும் கோள்கள் சூரியனைச் சுற்றுவதாகவும், சூரியன் பூமியைச் சுற்றுவதாகவும் கொண்டார். 1904-இல் பூரியில் காலமானார். பூரி ஜெகந்நாதர் கோயில் சடங்குகளின் காலக்கணிப்பில் அவருடைய நூலுக்கு இன்றும் இடம் உண்டு.

அவர் சாதித்ததில் மிகவும் நுட்பமானது சந்திரன் பற்றியது. சந்திரன் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் செல்லும்போது தளர்ந்தும் நகரும். இதைப் பழைய சித்தாந்திகள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆனால் சூரியனின் ஈர்ப்பால் இன்னும் சில ஏற்றத்தாழ்வுகள் உண்டு. அவற்றில் மூன்றைச் சாமந்தர் மேலைநாட்டு நூல்களின் துணையின்றித் தாமாகவே கண்டு, துங்காந்தரம், பாட்சிகம், திகம்சம் என்று பெயரிட்டார். இவற்றுள் பாட்சிகம் எனப்படுவது அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் சுழியாகிவிடும். இடைப்பட்ட நாள்களில் அதிகபட்சம் 0.66 பாகை வரை போகும். இது முழுநிலவின் அகலத்தைவிடப் பெரிது. கிரகணத்தை மட்டும் வைத்துத் தம் கணக்கைச் சரிபார்க்கும் ஒருவர் கண்ணில் இது ஒருநாளும் படாது, ஏனெனில் கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். வளர்பிறையும் தேய்பிறையுமாக எல்லா இரவும் சந்திரனை அளந்தவருக்கே இது பிடிபடும். சாமந்தரின் பெருமை அவருடைய குச்சியின் எளிமையில் இல்லை. அளக்காமல் விட்ட இரவுகள் குறைவு என்பதில் இருக்கிறது.

புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

புதுச்சேரிக்குத் திரும்புவோம். இந்த ஊரின் பெயர் உலக வானியல் வரலாற்றில் நிலைத்திருப்பது ஒரு தோல்வியால். சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் கடப்பதைப் பூமியின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அளந்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டுவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி சொல்லியிருந்தார். 18-ஆம் நூற்றாண்டில் அந்த வாய்ப்பு 1761-இலும் 1769-இலும் மட்டும் வந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் புதுச்சேரிக்கு அனுப்பிய வானியலாளர் கியோம் லெ ஜாந்தி.

1760 மார்ச்சில் அவர் பிரான்சிலிருந்து புறப்பட்டார். மொரீசியசில் கப்பலுக்காகக் காத்திருந்து, மலபார்க் கரையை நெருங்கியபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்ட செய்தி கிடைத்தது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பல் தளத்திலிருந்து பயனுள்ள அளவு எதையும் அவரால் எடுக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்கு எட்டு ஆண்டு இருந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. இந்துமாக்கடல் தீவுகளை ஆராய்ந்தும், மணிலா வரை சென்றும் காலம் கழித்து, பிரெஞ்சுக்காரரிடம் மீண்டும் வந்துவிட்ட புதுச்சேரிக்கு 1768 மார்ச்சில் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையின் சிதைவின் மேல் வானாய்வுக் கூடம் கட்டிக்கொண்டார். இடித்த அதே ஆங்கிலேயர் சென்னையிலிருந்து அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினார்கள்.

1769 ஜூன் 4 காலை. முந்தைய மாதம் முழுவதும் தெளிந்திருந்த கிழக்கு வானத்தை அன்று மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த சிறிது நேரத்தில் மேகம் விலகி வெயில் அடித்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் உடைந்து கிடந்ததாகவும், நாட்குறிப்பைத் தொடரப் பேனா எடுத்தால் கையிலிருந்து நழுவியதாகவும் அவரே பதிவு செய்திருக்கிறார். 1771-இல் பிரான்சு போய்ச் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். கழகத்தில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. உலகின் பிற இடங்களில் எடுத்த அளவுகளைக் கொண்டு லாலாந்து என்ற வானியலாளர் 1771-இல் சூரியத் தொலைவை 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்றைய அளவு 14.96 கோடி.

மேகத்தின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். லெ ஜாந்தி புதுச்சேரியில் வேறொன்று செய்ததைப் பலர் சொல்வதில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் உட்கார்ந்து கற்றார். அவர்கள் எழுதுகோல் இல்லாமல் சோழிகளை நகர்த்தி, நூலைப் புரட்டாமல் மனப்பாடமாகக் கணக்கிடும் வேகம் அவரை வியக்கவைத்தது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகவும், அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளாகிய டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 வினாடி கூடுதலாகவும் காட்டின என்று அவர் எழுதினார். தாம் வந்த வேலை நடக்கவில்லை. ஆனால் 1779-இலும் 1781-இலும் பாரிசில் வெளியான அவருடைய பயண நூல் வழியாகத் தமிழ்க் கணிதம் ஐரோப்பாவின் கவனத்துக்கு வந்தது.

சோழியால் எண்ணிய சந்திரன்

அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் அதே புதுச்சேரியில் இன்னொரு சாட்சி கிடைக்கிறது. ஜான் வாரன் பிரெஞ்சு வழியில் பிறந்து ஆங்கிலேயப் படையில் பணிபுரிந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் தொகுத்து கால சங்கலிதம் என்ற நூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். அதில் புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வருகிறார். அவர் பெயரை வாரன் ‘சாமி நாடென் சாஷியா’ என்று ஒலிக்கும்படி எழுதியுள்ளார். சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த கிரகணம் அது. தொடக்க நேரத்தில் 4 நிமிடம், நடு நேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை இருந்தது. அந்தக் கணக்கின் பின்னுள்ள கோட்பாடு அவருக்குத் தெரியாது என்பதையும் வாரன் குறித்திருக்கிறார்.

பாபிலோனிய வானியலின் பெரும் ஆய்வாளரான ஓட்டோ நியூகெபாவர் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு 1952-இல் தமிழ் வானியல் என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். அவரைக் கவர்ந்தது அதன் எண் அமைப்பு. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வர 27.5545 நாளாகும். இப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் 247.99 நாள், அதாவது கிட்டத்தட்ட முழு 248 நாள். எனவே 248 நாள்களுக்கான சந்திர நிலைகளை ஒருமுறை மனப்பாடம் செய்தால் போதும், 249-ஆம் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். சிறு எச்சம் சேர்ந்து பிழையாகாமலிருக்க 110 சுற்றுகளுக்கு 3031 நாள், 449 சுற்றுகளுக்கு 12372 நாள் என்று பெரிய அலகுகளும் உண்டு. 248, 3031 ஆகிய எண்கள் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பிரசு ஏடுகளிலும் இருப்பதை நியூகெபாவர் சுட்டிக்காட்டினார்.

248 நாள் நிலைகளை எப்படி மனத்தில் நிறுத்துவது? கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்களை எழுத்தாக்கினால் பொருளுள்ள சிறு தொடர் கிடைக்கும். ஒரு நாளுக்கு ஒரு தொடர், அதாவது ஒரு வாக்கியம். மரபு இவற்றை வரருசியின் பெயரோடு இணைக்கிறது. இம்முறையை விளக்கும் வாக்கிய கரணம் என்ற நூலை டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளியிட்டார்கள். நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம் என்று சொல்வதன் வேர் இதுவே.

இரண்டு பஞ்சாங்கம், ஒரு வானம்

வாக்கிய முறையின் பலமும் பலவீனமும் சாமந்தரை அருகில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். இம்முறை சந்திரனின் ஒரே ஓர் ஏற்றத்தாழ்வை, ஏறத்தாழ 5 பாகை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது 6.29 பாகை. சூரியனின் ஈர்ப்பால் வரும் துங்காந்தரம் அமாவாசை, பௌர்ணமியில் 1.27 பாகையைக் கழித்துவிடுவதால், அந்த இரண்டு நாளிலும் 5 பாகையே சரியாக அமைகிறது. அதாவது இது கிரகணத்தைக் கொண்டு செதுக்கப்பட்ட கணக்கு. கிரகணத்தில் மேயரோடு போட்டியிட்டது அதனால்தான். அட்டமி வாக்கில் துங்காந்தரம் கழிவதற்குப் பதிலாகக் கூடும், பிழை 2.5 பாகை வரை செல்லும். சந்திரன் மணிக்கு அரைப் பாகை நகர்வதால், திதி சில மணி நேரம் முன்பின்னாகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கமும், கண்ணால் காணும் நிலைக்கு ஏற்பத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கமும் அட்டமியில் சண்டையிட்டு, அமாவாசையில் சமாதானமாவதன் காரணம் இது.

திருக்கணிதப் பக்கம் தமிழகத்தில் முன்னின்றவர்களுள் சிந்தாமணி ரகுநாதாச்சாரி முதன்மையானவர். பஞ்சாங்கக் கணிதர் குடும்பத்தில் வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தார். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தார். லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரான முதல் இந்தியர் அவரே. 1874 டிசம்பரில் வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்கும் சிறு நூலை உரையாடல் வடிவில் எழுதிப் பல மொழிகளில் வெளியிட்டார். கண்ணால் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று பஞ்சாங்கத் திருத்தத்துக்குப் பாடுபட்டு, 1880-இல் காலமானார். சென்னைக் கோளரங்கம் இருக்கும் நகரம் இவருடையது.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2023-இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று நடத்தியது. ஒரே கோளின் ஒரே இடப்பெயர்ச்சிக்குக் குறித்த இரு நாள்களுக்கு இடையில் பதினொரு மாதம்! திருநள்ளாறு காரைக்காலில் உள்ளது; காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அமாவாசை பார்த்துக் கடலுக்குப் போகும் குப்பத்துக்காரரும், திதி பார்த்துப் பூசை செய்யும் பொம்மபுர ஆதீன அன்பரும், தினசரிக் காலண்டரைக் கிழிக்கும் உப்பளத் தொழிலாளியும் இந்தக் கணக்கின் பயனாளிகள். இவ்விரு பஞ்சாங்கமும் ஏன் வேறுபடுகின்றன என்பதை விளக்கிக் காட்டப் பொருத்தமான இடம் கோளரங்கத்தைத் தவிர வேறில்லை.

செய்ய வேண்டியது

கோளரங்கத்தின் தனித்திறன், எந்த ஊரின் எந்த நாளின் வானத்தையும் நொடியில் வரவழைப்பது. பால்வெளி, கருந்துளை பற்றிய படங்களை இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். புதுச்சேரியின் 1769 ஜூன் 4 விடியலையும், 1825 மே 31 இரவையும் தலைக்கு மேலே விரித்துக் காட்ட ஒரு குவிமாடத்தால்தான் முடியும். மேகம் மறைத்ததால் லெ ஜாந்தி தவறவிட்ட காட்சியை நம் பிள்ளைகள் மேகமின்றிப் பார்க்கலாம். சேஷய்யாவின் சோழிக் கணக்கை ஒரு பக்கம் ஓடவிட்டு, நிழல் எப்போது சந்திரனைத் தொட்டது என்று மறுபக்கம் காட்டினால், நான்கு நிமிடமும் ஐம்பத்திரண்டு நிமிடமும் எங்கிருந்து வந்தன என்பதை எட்டாம் வகுப்பு மாணவியே கண்டுபிடிப்பாள். அரங்கின் வாசலில் மான யந்திரம் ஒன்றை வைப்பதற்கு இரண்டு குச்சிகள் போதும்.

இதற்குப் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. கலாமின் பெயர் கலாமுக்கே இருக்கட்டும். அரை மணி நேரத் தமிழ்க் காட்சி ஒன்றும், ஒரு சுவர் நிறையப் படங்களும் போதும். புவனேசுவரம் தன் வானியலாளரைப் பெயரால் போற்றியது. புதுச்சேரியும் சென்னையும் தங்கள் வானியலாளர்களைக் கணக்கால் போற்றலாம். கோளரங்க நிர்வாகிகள் தாமாகச் செய்யும் வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, நம்மூர் வானத்தை, நம்மூர்க் கணிதர் கணித்த அந்த நாளுக்குத் திருப்பிக் காட்டுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.